ஞாயிறா, வெள்ளியா, மணிக்கணக்கா? வேலை வாரத்தைக் குறைப்பதில் இஸ்ரேலின் மதக் கட்சிகள் முன் உள்ள வழிகள்

இஸ்ரேலில் வேலை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அன்று காலை டெல் அவிவில் அலுவலகங்கள் திறந்துவிடும், பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். வியாழன் மாலையோடு பெரும்பாலான அலுவலகங்கள் மூடிவிடும். வெள்ளிக்கிழமை பள்ளி உண்டு, கடை உண்டு, ஆனால் பலருக்கு வேலை இல்லை. அன்று சூரியன் மறைவதற்கு முன் தொடங்கும் சபாத் என்னும் யூதர்களின் வார ஓய்வு நாள் சனிக்கிழமை இருட்டும் வரை நீடிக்கும். விடிந்தால் மறுபடி வேலை.

இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக வருவதும் அடங்குவதுமாக இருக்கிறது. ஒரு நாள் கூடுதல் விடுமுறை வேண்டும் என்பார்கள் சிலர். மணி நேரத்தைக் குறைத்தால் போதும் என்பார்கள் வேறு சிலர். யார் என்ன சொன்னாலும், கூட்டணி இல்லாமல் ஆட்சியே அமையாத அந்த நாட்டில், ஓய்வு நாளைத் தொடும் எந்த மாற்றமும் மதக் கட்சிகளின் சம்மதம் இல்லாமல் நகராது. அப்படியானால் அந்தக் கட்சிகள் எதைக் கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேசிய மத முகாமுக்கு ஞாயிறு விடுமுறை பொருந்தும். ஷாஸ் கட்சிக்கு அது பொருந்தாது. ஷாஸ் கேட்க வேண்டியது மணிக்கணக்கு. ஐக்கிய தோரா யூதக் கட்சிக்கோ, சும்மா இருப்பதே சுகம்.

மதக் கட்சி என்று ஒருமையில் பேசினால் கணக்கு தப்பிவிடும். ஷாஸ் 1984-இல் ராபி (யூத மதகுரு) ஒவாடியா யோசெஃபின் வழிகாட்டுதலில் பிறந்த கட்சி. மொராக்கோ, ஈராக், ஏமன் போன்ற நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்களே அதன் பலம். கடையிலும் கிடங்கிலும் மருத்துவமனையிலும் சம்பளத்துக்கு உழைப்பவர்கள் அதன் வாக்காளர்களில் கணிசம். ஐக்கிய தோரா யூதக் கட்சி ஐரோப்பிய வழிவந்த ஹரேதிகளுடையது, அதாவது மத விதிகளை மிகக் கறாராகப் பின்பற்றும் யூதர்களுடையது. அந்தச் சமூகத்தில் ஆண்கள் பலர் திருமணத்துக்குப் பிறகும் கொலெல் என்னும் கல்விக்கூடத்தில் யூத வேதமான தோரா படிப்பதையே முழுநேரப் பணியாகக் கொண்டவர்கள். வீட்டுச் செலவைச் சுமப்பது பெரும்பாலும் மனைவியின் சம்பளம். மூன்றாவது தேசிய மத முகாம். பழைய தேசிய மதக் கட்சி, அதற்குப் பின் யூத இல்லம், இப்போது மத சியோனிசக் கட்சி என்று பெயர்கள் மாறியிருக்கின்றன. இவர்களின் வாக்காளர்கள் ராணுவத்துக்குப் போகிறார்கள், பொறியாளராகவும் மருத்துவராகவும் வேலை பார்க்கிறார்கள், சபாத்தையும் விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். இந்த மூன்று வீடுகளிலும் வெள்ளிக்கிழமை ஒரே மாதிரி விடிவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

1947 ஜூனில், நாடு அமைவதற்கு முன் அங்கிருந்த யூதர்களின் பிரதிநிதி அமைப்பான யூத முகமையின் சார்பில் டேவிட் பென்குரியன், அகுதத் இஸ்ரேல் என்ற ஹரேதி அமைப்பின் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமையப்போகும் நாட்டில் சபாத்தே சட்டப்படியான ஓய்வு நாளாக இருக்கும் என்பது அதில் தந்த வாக்குறுதிகளில் ஒன்று. 1951-இல், கோல்டா மெயிர் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, வேலை நேரம் மற்றும் ஓய்வுச் சட்டம் வந்தது. வாரத்துக்கு 47 மணி நேர வேலை, தொடர்ந்து 36 மணி நேரமாவது ஓய்வு. யூதர்களுக்கு அந்த ஓய்வுக்குள் சபாத் அடங்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளியையோ சனியையோ ஞாயிறையோ எடுத்துக்கொள்ளலாம்.

47 மணி பின்னர் 45 ஆனது. 2000-இல் நீட்டிப்பு ஆணை ஒன்றின் வழியாக 43 ஆனது. 2018 ஏப்ரல் 1 முதல் 42. தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஹிஸ்தட்ருத்தும் முதலாளிகள் அமைப்பும் பேசி முடித்த ஒப்பந்தத்தை, தொழிலாளர் அமைச்சர் ஓர் ஆணையின் மூலம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரித்துவிடுவதே நீட்டிப்பு ஆணை. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை. இதைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு வெள்ளி மாலையின் விலை

மதக் கட்சிகளின் அச்சம் எங்கே குடியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் 1976 டிசம்பர் 10-ஐப் பார்க்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. அமெரிக்காவிலிருந்து முதல் எஃப்-15 போர் விமானங்கள் வந்து இறங்கின. பிரதமர் இட்சாக் ராபின் உட்பட விருந்தினர்கள் விமானத் தளத்தில் வரவேற்பு நடத்தினார்கள். விழா நீண்டது. டிசம்பர் மாதப் பகல் குட்டையானது. வந்தவர்கள் வீடு திரும்புவதற்குள் சபாத் பிறந்துவிடும் நிலை. ஹரேதிக் கட்சியினர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அரசில் அங்கம் வகித்த தேசிய மதக் கட்சியின் அமைச்சர்களில் சிலரே வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். தீர்மானம் தோற்றது, ஆனாலும் ராபின் அந்தக் கட்சியின் அமைச்சர்களை நீக்கினார், பிறகு தாமும் பதவி விலகினார். தேர்தல் முன்கூட்டியே 1977 மே மாதத்தில் வந்தது. நாடு பிறந்த நாள் முதல் ஆண்டுவந்த தொழிலாளர் கட்சி அந்தத் தேர்தலில் லிக்குட் கட்சியின் மெனாகெம் பெகினிடம் ஆட்சியை இழந்தது.

ஆட்சி கவிழ வேறு காரணங்களும் இருந்தன, ஊழல் விவகாரங்களும் 1973 போரின் வடுவும் சேர்ந்துதான் அந்தத் தோல்வி. என்றாலும், வெள்ளி மாலையில் இழுத்துக்கொண்டு போகும் எந்த வேலையையும் மதக் கட்சிகள் ஏன் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். 1999-இல் மின் நிலையத்துக்கான ராட்சத பாகத்தை சபாத் அன்று சாலையில் கொண்டுபோனதற்காக ஐக்கிய தோரா யூதக் கட்சி பிரதமர் எஹுத் பராக்கின் கூட்டணியை விட்டது. 2017-இல் ரயில் பாதைப் பராமரிப்பு சபாத் அன்று நடந்ததற்காக சுகாதார அமைச்சர் யாகோவ் லிட்ஸ்மன் பதவி விலகினார்.

வீட்டுக்குள் இந்த எல்லை இன்னும் கறாரானது. சபாத் பிறந்துவிட்டால் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, விளக்கின் சுவிட்சைத் தொடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே சனி மதியம் வரைக்குமான சாப்பாடு வெள்ளிக்கிழமையே சமைத்து முடிந்திருக்க வேண்டும். மறுநாள் உண்ணும் சோலண்ட் இரவெல்லாம் வேக, சூட்டுத் தட்டின் மேல் பானையை ஏற்றிவிட வேண்டும். தேநீருக்கான வெந்நீரைப் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து வைக்க வேண்டும். விளக்குகளுக்கு நேரக் கருவியைத் திருகிவைக்க வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். ஜெருசலேமில் சூரியன் மறைவதற்கு நாற்பது நிமிடத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். அந்த நேரத்தில் நகரில் சங்கு ஊதும். ஜூலையில் அது மாலை ஏழைத் தாண்டி ஊதுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் நான்கு மணிக்கே ஊதிவிடுகிறது.

இந்த மூன்று மணி நேர வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற யோசனைகளைப் பார்க்கலாம்.

ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள்

இதை 2011-இல் பெரிதாக முன்வைத்தவர் லிக்குட் கட்சியின் சில்வன் ஷாலோம். ஞாயிறு முழு விடுமுறை. வெள்ளி நண்பகல் வரை வேலை. இழந்த நேரத்தை ஈடுகட்ட மற்ற நாட்களைக் கொஞ்சம் நீட்டுவது. பிரதமர் நெதன்யாகு அதை ஆராயும் பொறுப்பைத் தேசியப் பொருளாதார மன்றத்தின் தலைவர் யூஜின் கேண்டலிடம் ஒப்படைத்தார். யோசனை சட்டமாகவில்லை.

தேசிய மத முகாமில் இதற்கு ஆதரவு இருப்பதில் ஆச்சரியமே இல்லை. சபாத்தைக் கடைப்பிடிக்கும் ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அவருக்கு ஓய்வு உண்டு, ஆனால் காரில் ஏற முடியாது. ஹைஃபாவில் இருக்கும் பெற்றோரைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளி மாலையே போய் இரவு தங்க வேண்டும். கடைக்குப் போக முடியாது, கடற்கரைக்கு வண்டி எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமையை சபாத் ஏற்பாடுகளே விழுங்கிவிடுகின்றன. உண்மையில் அவருக்கு வாரத்தில் ‘சும்மா சுற்றித் திரியும்’ நாள் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவிலிருந்து குடியேறிய மதப் பற்றுள்ள குடும்பங்கள் இதை இன்னும் கூர்மையாக உணர்கிறார்கள். அங்கே ஞாயிறு அவர்களுக்கு இருந்தது, இங்கே வந்து இழந்தார்கள்.

கால்பந்தும் உண்டு. இஸ்ரேலிய லீக் ஆட்டங்கள் பல சனிக்கிழமை நடக்கின்றன. சபாத்தைக் கடைப்பிடிக்கும் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒரு வயதுக்கு மேல் அணியில் இடமில்லை. ஞாயிறு கிடைத்தால் ஆட்டங்கள் அங்கே நகரும், மதச்சார்பற்றவர்களின் கடைவீதிச் சுற்றலும் அங்கே நகரும், சபாத் தானாகவே அமைதியாகும் என்பது ஆதரவாளர்களின் கனவு. யாரையும் தடுக்காமல் சபாத்தைக் காப்பாற்றும் வழி என்கிறார்கள்.

பாதி நம்புகிறேன். கால்பந்துக்கு இது பொருந்தும். ஆட்டத்தை ஏதாவது ஒரு நாளில்தான் வைக்க முடியும். கடைகளுக்குப் பொருந்தாது. சனிக்கிழமை நல்ல வியாபாரம் பார்த்துப் பழகிய கிபுட்ஸ் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) வணிக வளாகம், ஞாயிறும் விடுமுறை என்றால் இரண்டு நாளும் திறக்கும். எந்த வியாபாரியும் ஒரு நாள் கல்லாவைக் கொடுத்து மறுநாள் கல்லாவை வாங்க மாட்டான்.

இனிக் கணக்கு. வாரம் 42 மணி என்பதைத் தொடாமல் வெள்ளிக்கு 4 மணி நேரம் வைத்தால் மீதி 38 மணி திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளில் ஏற வேண்டும்: நாளொன்றுக்கு ஒன்பதரை மணி. இடைவேளையும் பயணமும் தனி. மாலை ஆறு, ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்து என்ன பயன்? பள்ளி நேரத்தையும் அதற்கேற்ப நீட்டியாக வேண்டும், ஆசிரியர்களிடம் பேசியாக வேண்டும். சலுகையாக வந்தது சுமையாக மாறிவிடும்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். டெல் அவிவில் வேலை, ஜெருசலேமில் வீடு என்று ஒரு பெண். நண்பகலில் அலுவலகம் முடிகிறது. வெள்ளி மதிய நெரிசலில் வீடு சேர ஒன்றரை மணி ஆகிறது என்று வையுங்கள். ஜூலையில் அவளுக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் மீதி. டிசம்பரில் இரண்டரை மணி நேரம். அதற்குள் சமையல், குளியல், மேசை. பஸ்ஸும் சபாத்துக்கு வெகு முன்னதாகவே நின்றுவிடும், ஆகவே கார் இல்லாதவளுக்கு அந்த இரண்டரை மணியும் உறுதியில்லை. குளிர்காலத்தில் மட்டும் பதினொரு மணிக்கே விட்டுவிடலாம் என்றால், மூன்று மணி நேர வேலைக்காக மூன்று மணி நேரம் பயணம் செய்யும் கூத்தாகிவிடும். முதலாளி அதை விரும்ப மாட்டார், தொழிலாளியும் விரும்ப மாட்டார். இந்த யோசனை தடுக்கி விழும் இடம் டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை.

ஹரேதி வீட்டில் இன்னொன்றும் நடக்கும். கொலெலுக்கும் சிறுவர் பாடசாலைக்கும் ஞாயிறு விடுமுறை என்பது கிடையாது. தோரா படிப்புக்கு ஒரு நாள் லீவு விடுவதை எந்த ராபியும் ஏற்க மாட்டார். அப்படியானால் மனைவிக்கு மட்டும் ஞாயிறு விடுமுறை. வெள்ளி காலை, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்தவள் இப்போது அலுவலகத்தில் இருப்பாள். எல்லோரும் வெளியே போயிருக்கும் ஞாயிறன்று வீட்டில் தனியாக இருப்பாள். கேட்டால் சிரிப்பாள்.

சமயப் படிப்பிலிருந்தும் ஓர் எதிர்ப்பு உண்டு. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திரு என்கிறது தோரா. அந்த ஆறு நாள் உழைப்பும் ஒரு கட்டளையே என்று வாசித்த பழைய ஆசிரியர்கள் உண்டு. வெறும் அனுமதி என்று வாசித்தவர்களும் உண்டு. ஐந்து நாள் வாரம் வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும் எந்தக் கட்சியும் இதற்காகப் போர்க்கொடி உயர்த்தவில்லை என்பதால், இந்த வாதத்துக்கு நான் பெரிய எடை கொடுக்கவில்லை. ஞாயிறு கிறிஸ்தவர்களின் நாள், அதை யூத நாடு ஏன் ஏற்க வேண்டும் என்ற முணுமுணுப்புக்கும் அதே மதிப்பெண்.

ஐக்கிய அரபு அமீரகம் செய்து பார்த்தது

இதே வடிவத்தை ஒரு முஸ்லிம் நாடு உண்மையிலேயே நடைமுறைப்படுத்தியிருக்கிறது. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகம் தன் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி-சனி விடுமுறையை விட்டு சனி-ஞாயிறுக்கு மாறியது. வெள்ளி காலை ஏழரை முதல் பன்னிரண்டு வரை வேலை. ஜும்மா தொழுகை அப்போது ஒன்றேகால் மணிக்கு வைக்கப்பட்டது, 2026 ஜனவரி முதல் பன்னிரண்டே முக்காலுக்கு. துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இது அனுபவப் பாடம். ஷார்ஜா இன்னும் ஒரு படி மேலே போய் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் விடுமுறையாக்கியது.

இதைக் காட்டி ‘அங்கே முடிந்தது இங்கே முடியாதா’ என்று கேட்பது எளிது. ஆனால் ஜும்மா தொழுகை பகலில் வருகிறது. முடிந்ததும் வண்டி ஓட்டலாம், சமைக்கலாம், கடைக்குப் போகலாம். சபாத் அப்படியில்லை, அது வந்து கதவை மூடிவிடும். அமீரகத்தின் அரை நாள் வெள்ளி, தொழுகைக்கு முன் முடிந்தால் போதும். இஸ்ரேலின் அரை நாள் வெள்ளி, வீட்டு வேலை அனைத்தையும் முடிப்பதற்கும் இடம்விட்டு முடிய வேண்டும். அங்கே மாற்றத்தைத் தொடங்கியவர்களுக்குக் கூட்டணிக் கட்சிகளின் தொல்லையும் இல்லை, அது வேறு விஷயம்.

உலகச் சந்தையோடு ஒத்துப்போக வேண்டும் என்ற வாதம் மட்டும் இரு இடத்துக்கும் பொது. டெல் அவிவ் பங்குச் சந்தை 2026 ஜனவரி முதல் ஞாயிறு வணிகத்தை விட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை என்று மாறியது. வெள்ளியன்று மட்டும் பிற்பகல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும்படி நேரத்தை வைத்திருக்கிறார்கள். திரையைப் பார்த்து வேலை செய்யும் தொழிலுக்கு அது முடிகிறது. பேக்கரிக்கும் பிரசவ வார்டுக்கும் அந்தச் சூத்திரம் செல்லாது.

ஆண்டுக்குச் சில ஞாயிறுகள்

2016-இல் குலானு கட்சியின் எலி கோஹன் கொண்டுவந்த யோசனை இது: ஆண்டில் ஆறு ஞாயிறுகளை மட்டும் விடுமுறையாக்கிப் பார்ப்பது. அமைச்சர்கள் குழு தலையசைத்தது; காரியம் அங்கேயே நின்றது. மதக் கட்சிகளுக்கு இதில் ஆபத்தும் இல்லை, லாபமும் அதிகமில்லை. ஆறு ஞாயிறுக்காக யாரும் லீக் அட்டவணையை மாற்ற மாட்டார்கள். குடும்பத்தோடு கலிலேயாவுக்கு ஒரு நடை போய்வரலாம். கேட்டால் கொடுத்துவிடலாம் என்ற வகை. கோடைக்காலத்து ஞாயிறுகளாக இருந்தால் குளிர்கால வெள்ளிப் பிரச்சினையும் எழாது என்பதால், தேசிய மத முகாம் ஞாயிறு விடுமுறையை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவர விரும்பினால் நுழைவாயில் இதுதான்.

மணி நேரத்தைக் குறைப்பது

நாட்களை அப்படியே விட்டு, 42-ஐ 40 ஆக்குவது. கவர்ச்சியில்லாத யோசனை. சபாத்தைப் பற்றி ஒரு சொல்கூட இதில் இல்லை. மேடையில் பேசினால் கைதட்டல் வராது. ஆனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் நிலைமை வேறு.

2018-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். 43 மணி 42 ஆனபோது, முழுநேர மாத வேலை 186 மணியிலிருந்து 182 மணியாகக் குறைந்தது. மாதக் குறைந்தபட்ச ஊதியம் 5,300 ஷெக்கலில் கைவைக்கவில்லை. அந்த 5,300-ஐ 186-ஆல் வகுத்தால் மணிக்கு 28.49 ஷெக்கல், 182-ஆல் வகுத்தால் 29.12. மணிக்கூலிக்குத் துடைப்பம் பிடிப்பவளுக்கும் சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குபவனுக்கும், யாரிடமும் கெஞ்சாமல், மணிக்கு 63 அகோரா (நூறு அகோரா ஒரு ஷெக்கல்) ஏறியது. அதே முறையில் 40 மணிக்குப் போனால் மாதக் கணக்கு சுமார் 173 மணியாகும். மணிக்கூலியின் அடிமட்டம் இன்னும் ஐந்து சதவீதம் உயரும். இது ஷாஸ் கட்சியின் வாக்காளருக்கு நேராகக் கைக்கு வரும் பணம்.

ஹரேதிப் பெண்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவர்களில் நிறையப் பேர் முழுநேரம் வேலை செய்வதில்லை. பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவளுக்கு 42 மணிக் கணக்கில் அது 71 சதவீத வேலை. 40 மணிக் கணக்கில் 75 சதவீதம். அதே நாற்காலி, அதே நேரம், சம்பளமும் ஓய்வூதியப் பங்கும் மட்டும் உயரும்.

எதிர்வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. இஸ்ரேலியர்கள் நீண்ட நேரம் வேலை செய்கிறார்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு உற்பத்தியாகும் மதிப்பு வளர்ந்த நாடுகளின் சராசரிக்குக் கீழே இருக்கிறது. நேரத்தைக் குறைத்துக் கூலியை நிறுத்தினால் சிறு தொழில்கள் தாங்காது என்பார்கள் முதலாளிகள். நீண்ட நேரம் உட்காரவைப்பதாலேயே உற்பத்தித்திறன் படுத்துக்கிடக்கிறது என்பார்கள் தொழிற்சங்கத்தார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆகவே 42-இலிருந்து ஒரே தாவலில் 40-க்குப் போவதைவிட, 2018-இல் போல ஒரு மணி, பின்னர் ஒரு மணி என்று இறங்குவதே நடக்கக்கூடியது.

சும்மா இருப்பது

இப்போதுள்ளபடியே விட்டுவிடுவதும் ஒரு தேர்வுதான், அதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. வெள்ளி காலி, சனி சபாத் என்ற அமைப்பு ஹரேதி வாழ்வோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. வெள்ளிக்கிழமை முஸ்லிம்களுக்கும் தொழுகை நாள். நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் அரபு மக்கள், அவர்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். வெள்ளியை வேலை நாளாக்கும் திட்டம் அவர்களையும் உரசும். இந்த ஒரு விஷயத்தில் ஹரேதி நகரமான பினே பிராக்கின் ராபியும் அரபு நகரமான உம் அல்-ஃபஹ்மின் இமாமும் ஒரே பக்கம் நிற்பார்கள், பேசிக்கொள்ளாமலே.

ஐக்கிய தோரா யூதக் கட்சியின் நிலையில் நான் இருந்தால் எதையும் தொட மாட்டேன். கேட்பதற்கு அவர்களுக்கு வேறு பட்டியல் இருக்கிறது: கல்விக்கூட மானியம், ராணுவ விலக்கு.

ஷாஸ் ஏன் மணிக்கணக்கைக் கேட்க வேண்டும்

மதச் சார்புள்ள தொழிலாளர் அரசியல் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1922-இல் ஜெருசலேமில் தொடங்கிய ஹபோயெல் ஹமிஸ்ராகி, தோராவும் உழைப்பும் என்பதையே முழக்கமாகக் கொண்டிருந்தது. சபாத்தைக் கடைப்பிடிப்பவனுக்கு வேலை கொடுக்க முதலாளி தயங்கிய காலத்தில் அவன் பக்கம் நின்றவர்கள் அவர்கள். வேலையை நிறுத்தும் நாளே ஒருவனை யூதன் என்று ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் என்பது பழைய அனுபவம். நம் கொங்கணக் கரையில் செக்காட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்களை, சனிக்கிழமை செக்கு நிற்பதைப் பார்த்து, ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) என்றே அக்கம்பக்கத்தார் அழைத்தார்கள்.

ஷாஸ் தொழிலாளர் அமைச்சகத்தைத் திரும்பத் திரும்பக் கையில் வைத்திருந்த கட்சி. எலி யிஷாய் 1990-களின் பிற்பாதியில் அந்தப் பொறுப்பில் இருந்தார். 2006 முதல் 2009 வரை தொழில், வணிக, தொழிலாளர் அமைச்சராகவும் இருந்தார். 2023 முதல் 2025 வரை யோவ் பென்-ட்சுர் தொழிலாளர் அமைச்சர். அந்த அமைச்சகத்திடம் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று, சபாத் அன்று யூதர்களை வேலைக்கு வைக்கும் கடைகளுக்கு அபராதம் போடுவது. சபாத் அன்று யூத ஆய்வாளரே வேலை செய்ய முடியாது என்பதால் ட்ரூஸ் என்னும் அரபு மொழி பேசும் சிறுபான்மைச் சமூகத்து ஆய்வாளர்களை அனுப்பினார்கள்; அந்த அபராதத்தின் பின்னணியில் நிற்கும் சட்டத் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஒரு மரச்சாமான் கடை வழக்கில் தீர்ப்பளித்தது. இன்னொன்று, நீட்டிப்பு ஆணையில் கையெழுத்துப் போடுவது.

முதல் அதிகாரத்தால் ஷாஸ் பெயர் வாங்கியது, திட்டும் வாங்கியது. இரண்டாவதை வைத்து அது அரசியல் செய்ததாக யாரும் பேசிக் கேட்பதில்லை. 2018 ஜனவரியில் சபாத் அன்று கடைகள் திறப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை உள்துறை அமைச்சர் ஆர்யே தெரி 58-க்கு 57 என்ற வாக்கில், ஒரே ஒரு ஓட்டில், நிறைவேற்றினார். அதற்காகக் கூட்டணியின் வியர்வை முழுதும் சிந்தியது. டெல் அவிவின் கடைகள் அதற்குப் பிறகும் திறந்தே இருந்தன. மூன்று மாதம் கழித்து, லிக்குட்டின் ஹைம் காட்ஸ் அமைச்சராக இருந்தபோது வந்த 42 மணி ஆணையோ, சத்தமில்லாமல் நாடு முழுவதும் அமலானது. ஷாஸ் வாக்காளரின் வீட்டில் எந்த ஆணை அதிகம் உணரப்பட்டது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமில்லை.

தேசிய மத முகாமும் ஷாஸும் இதில் மோதிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் 40 மணி வரட்டும். அதன் பிறகு ஞாயிறு விடுமுறையைப் பேசினால் வெள்ளி நான்கு மணி போக மீதி 36 மணி, நாளுக்கு ஒன்பது மணி, ஒன்பதரையைவிடத் தாங்கக்கூடியது. வரிசையை மாற்றி, ஞாயிறை முதலில் வாங்கிவிட்டு மணி நேரத்தைப் பின்னால் கேட்டால், நான்கு நீண்ட நாட்களும் ஒரு பதற்றமான வெள்ளியும் கையில் மிஞ்சும். மணிக் குறைப்பு எப்போது வரும் என்பது முதலாளிகளின் தயவு.

ஒரு சின்னத் திருத்தத்தையும் ஷாஸ் கேட்டு வாங்கலாம். 2018 ஆணையின்படி நான்கு நாள் 8.6 மணி, ஒரு நாள் மட்டும் 7.6 மணி. அந்தக் குறைந்த நாள் எது என்பதை முதலாளி நிர்ணயிப்பார், தொழிலாளியின் வசதியையும் முடிந்தவரை பார்ப்பார். வெள்ளிக்கிழமையும் வேலைக்கு வர வேண்டிய செவிலியர், காசாளர், பேக்கரித் தொழிலாளர்களுக்கு அந்த மணி நேரம் வெள்ளியன்றே குறைய வேண்டும், அதுவும் அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை கட்டாயமாக, என்று அடுத்த ஆணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு ஹிஸ்தட்ருத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஹரேதிக் கட்சி ஒன்று அந்த மேசையில் உட்காரத் தயாரா என்பதை ஷாஸின் ராபிகள் மன்றம் முடிவு செய்ய வேண்டும்.